காப்பாற்றிய காலுக்கு பிரேஸும் கொடுங்கள்: கொங்கு வட்டாரத்து எலும்பு மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதி எலும்பு அறுவை மருத்துவர்களே, மருத்துவமனை நிர்வாகிகளே,

எங்கள் பக்கத்தில் ஒரு மருத்துவமனை தன் பிரேஸ் பட்டறையை, அதாவது அடிபட்ட காலைத் தாங்கிப் பிடிக்க வெளியே மாட்டும் சாதனத்தைச் செய்யும் இடத்தை, மூடிவிட்டது. கட்டடத்தின் பின்பக்கம் இரண்டே அறைதான். ஒன்றில் மாவுக்கட்டு சுற்றி அச்சு எடுப்பார்கள், இன்னொன்றில் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கும் அடுப்பும் ஓரம் தேய்க்கும் மெஷினும் இருந்தன. அங்கே எங்கள் கால்களுக்கு அளவெடுத்துச் செய்துகொடுத்தவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அறைகளில் இப்போது மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. ஏன் என்று கேட்டேன். "அதுல வருமானம் இல்லீங்க. வெளிய சர்ஜிக்கல் கடையில எல்லா சைஸும் கிடைக்குதுங்களே" என்றார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஒரு நிர்வாகத்துக்கு மட்டும் இதை எழுதவில்லை. காலை ஒட்டவைக்கும் வசதி எல்லாம் வைத்துக்கொண்டு, பிரேஸ் செய்ய ஓர் ஆளைக்கூட வைத்துக்கொள்ளாத எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் பல்லடம் பக்கத்தவள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போகும்போது ஒரு டெம்போவின் பின்சக்கரம் வலது பாதத்தில் ஏறி இறங்கியது. மேல்பாதத்துத் தோல் உரிந்துவிட்டது. பாதத்தின் நடு எலும்புகள் நொறுங்கின. கணுக்காலுக்கு முன்னால் இருக்கும் தசைநார்கள் நசுங்கிப் போனதால் பாதத்தைத் தூக்கும் சக்தி போய்விட்டது, உள்ளங்காலில் பாதிக்கு மேல் உணர்ச்சியும் இல்லை. கம்பி வைத்தார்கள், தொடையிலிருந்து சதையும் தோலும் எடுத்து மூடினார்கள், ஒரு முறை அல்ல, பல முறை தியேட்டருக்குள் போனேன். எனக்கு அறுவை செய்த மருத்துவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ராத்திரி முழுக்க நின்று ரத்தக்குழாயை இணைத்தவர்கள் அவர்கள். அவர்கள் கை இல்லாவிட்டால் இந்தக் கால் இல்லை.

அவ்வளவு செய்துவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் "ஏ.எஃப்.ஓ. அணிய வேண்டும்" என்று மூன்று வார்த்தை எழுதிக் கொடுத்தார்கள். ஏ.எஃப்.ஓ. என்றால் கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேஸ். எந்த மாதிரி, எதில் செய்தது, எங்கே அழுத்தக்கூடாது, யாரிடம் செய்துகொள்வது என்று எதுவும் இல்லை. பில் கவுண்டரில் கேட்டதற்கு, அது பில்லில் வராது, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

வாங்கினேன். சர்ஜிக்கல் கடையில் என் செருப்பு அளவைக் கேட்டு, மீடியம் எடுத்துக் கொடுத்தார்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ஒட்டுப்போட்ட பாதம் ஸ்மால், மீடியம், லார்ஜ் எதிலும் அடங்காது. என் மேல்பாதம் சதை வைத்த இடத்தில் புடைத்திருக்கிறது. வெளிப்பக்கக் கணு எலும்பின் மேல் காகிதம் போலத் தோல்தான் மூடியிருக்கிறது. காலை பத்து மணிக்கு ஒரு தடிமன், சாயங்காலம் வீக்கத்தில் இன்னொரு தடிமன். அந்த பிரேஸின் விளிம்பு சரியாக அந்தக் கணு எலும்பில் போய் உட்கார்ந்தது. எனக்கு உணர்ச்சி இல்லாததால் வலிக்கவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத் தடம் பார்த்து என் மகள்தான் சொன்னாள். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆனது. வேலை போனது. ஒட்டிய தோலே போய்விடுமோ என்று ஒவ்வொரு டிரெஸ்ஸிங்குக்கும் பயந்தபடி போனேன். பயத்தில் பிரேஸைக் கழற்றி மூலையில் வைத்தால், பாதம் தொங்கிக்கொண்டே இருந்து, குதிகாலுக்கு மேலே பின்பக்கம் இருக்கும் குதிநாண் இறுக ஆரம்பித்தது. இப்படியே விட்டால் அதை நீட்ட இன்னொரு ஆபரேஷன் என்றார்கள்.

அப்போதுதான் பிசியோ பார்க்கும் ஒரு தங்கை அந்தப் பட்டறைக்கு வழி சொன்னாள்.

அங்கே நடந்ததை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மூடியது எதை என்று மூடியவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்த அண்ணன் முதலில் அச்சே எடுக்கவில்லை. என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். எத்தனை மணி நேரம் நின்று வேலை, வீட்டில் செருப்பு போடுவீர்களா, பஸ்ஸில் ஏறும்போது எந்தக் கால் முதலில் என்றெல்லாம் கேட்டார். அப்புறம் மெல்லிய காலுறை மாட்டி, எலும்பு துருத்தும் இடம், ஒட்டுத் தோலின் எல்லை, உணர்ச்சி நிற்கும் இடம் எல்லாவற்றையும் ஊதாப் பென்சிலால் குறித்தார். அதன் மேல் மாவுத்துணியைச் சுற்றி, பாதத்தை நேராகப் பிடித்துக்கொண்டு அது இறுகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அச்சுக்குள் மாவு ஊற்றி என் காலின் உருவத்தை வார்த்தெடுத்தார். பென்சில் குறிகள் அதில் பதிந்து வந்திருந்தன. எங்கெல்லாம் அழுத்தக்கூடாதோ அங்கெல்லாம் மாவு வைத்து உயர்த்தினார், எங்கே தாங்க வேண்டுமோ அங்கே சீவினார். அதன் மேல்தான் சூடான பாலிபுரொப்பிலீன் தகட்டைப் போர்த்திக் காற்றை உறிஞ்சிப் படியவைத்தார்.

போட்டுப் பார்த்த அன்றே அனுப்பிவிடவில்லை. அரை மணி நேரம் நடக்கவிட்டு, கழற்றி, தோலில் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்தார். "கொஞ்ச நேரத்துல மறையற செவப்பு பரவால்ல அம்மிணி. மறையாம நின்னா அது புண்ணாகப் போற எடம்" என்றார். நிற்கும் இடத்தில் சூடுகாட்டி வெளியே தள்ளினார். ஷூவுக்கு அடியில் முன்பக்கம் சற்று வளைத்து ஒரு அடித்தட்டு வைத்துக் கொடுத்தார், மடங்காத பாதம் உருண்டு போவதற்கு. திரும்பத் திரும்ப வரச்சொல்லித் திருத்தினார். அதற்கெல்லாம் தனிக் காசு கேட்கவில்லை. மொத்தமே சில ஆயிரம் ரூபாய்தான் ஆனது. என் ஆபரேஷன்களுக்கு ஆன லட்சங்களோடு சேர்த்துப் பாருங்கள்.

அந்த பிரேஸோடுதான் மறுபடி செக்கிங் மேஜைக்குப் போனேன். முழு ஷிப்ட் நின்றேன். இப்போது அதில் கணுக்கால் பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. பிளாஸ்டிக் அல்லவா, தினம் மடங்கினால் விடத்தான் செய்யும், கொஞ்ச வருடத்துக்கு ஒரு முறை மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதற்குப் பட்டறை இல்லை.

அந்தப் பட்டறை வாசல் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்த தென்னைமரம் ஏறுகிற ஒருவர், மரத்திலிருந்து விழுந்து இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கியவர். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் போன பையன், குழாய் பாதத்தில் விழுந்து மூன்று விரல் போனவன். சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், பைக்கில் போகும்போது லாரி தட்டிவிட்டு முழங்காலுக்குப் பக்கவாட்டில் நரம்பு அறுந்து பாதம் தொங்கிப்போனவர். இவர்களெல்லாம் இந்த ஊர்ப் பிழைப்பில் அடிபட்டவர்கள். மில்லும் பவுண்டரியும் விசைத்தறியும் ரிக்கும் தென்னந்தோப்பும் இருக்கிற ஊரில், சேலம் கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544 ஊடே ஓடுகிற ஊரில், பாதம் நசுங்குவது எப்போதோ நடக்கும் சம்பவம் இல்லை. உங்கள் அவசரப் பிரிவே அதற்குச் சாட்சி.

காலைக் காப்பாற்றுவதில் கோயம்புத்தூருக்கு உலகத்தில் பெயர் இருக்கிறது. எலும்பு வெளியே தெரிய நசுங்கிய காலை வைப்பதா, எடுப்பதா என்று முடிவு செய்ய கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் வகுத்த மதிப்பெண் முறை 2006ல் வெளிவந்து, மற்ற நாடுகளிலும் எடுத்தாளப்படுகிறது. (நான் சிகிச்சை பெற்றதோ, பட்டறையை மூடியதோ அங்கே இல்லை.) அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன், இது என் ஊர். ஆனால் கால் உடம்போடு ஒட்டியிருப்பதோடு கதை முடியவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் எட்டு மருத்துவமனைகளில் 569 பேரைத் தொடர்ந்து பார்த்து 2002ல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் கால் காப்பாற்றப்பட்டவரும் கால் எடுக்கப்பட்டவரும் அன்றாட இயக்கத்தில் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள் என்றது. அப்படியானால் காப்பாற்றியதன் பலன் எங்கே? அது அறுவைக்குப் பின்னால் வரும் வேலையில் இருக்கிறது.

அந்த நாட்டு ராணுவம் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கண்ணிவெடியில் பாதம் சிதைந்த வீரர்களுக்குக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால் எடுத்தவர்கள் செயற்கைக்காலில் ஓட ஆரம்பித்துவிட, காப்பாற்றப்பட்டவர்கள் வலியோடு நொண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் காலையும் எடுத்துவிடுங்கள் என்று அவர்களில் பலர் கேட்க ஆரம்பித்தார்கள். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ ராணுவ மருத்துவமனையில் ரயன் பிளாங்க் என்ற பிரேஸ் நிபுணர் அவர்களுக்காக ஐடியோ என்று ஒன்றை உருவாக்கினார். முழங்காலுக்குக் கீழே இறுகப் பிடிக்கும் பட்டை, பின்னால் கார்பன் ஃபைபர் தண்டு, அடியில் பாதத்தட்டு, எல்லாம் அந்தந்த ஆளின் காலுக்கே வார்த்தது. அதோடு சில வாரக் கடுமையான பயிற்சி. காலை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சி முடிவில் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். 2014ல் இது மருத்துவ இதழில் வந்தது.

எல்லோருக்கும் கார்பன் ஃபைபர் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிளாஸ்டிக் போதும். அந்த ஆளின் காலுக்கே செய்ததாக இருக்கட்டும், பயிற்சியோடு வரட்டும், பழுதானால் திருத்த ஆள் இருக்கட்டும். அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். உணர்ச்சி போன பாதம் அழுத்தத்தால்தான் புண்ணாகிறது, அழுத்தத்தைப் பரப்பும் செருப்பைக் கொடுத்தால் காலைக் காக்கலாம் என்று தொழுநோயாளிகளின் பாதங்களை வைத்து உலகத்துக்குக் காட்டியவர் வேலூரில் வேலை பார்த்த பால் பிராண்ட். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதே வேலூரில் 1966ல் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமாக இருந்தார். வேலூரில் அறுபது வருடத்துக்கு முன்னால் முடிந்தது இங்கே முடியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

போலியோ இருந்த காலத்தில் காலிப்பர் (போலியோ வந்த காலைத் தாங்கும் பிரேஸ்) செய்யும் பட்டறைகளைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததாக நாட்டுக்குச் சான்று கிடைத்தது. நல்ல விஷயம். அதோடு பட்டறையின் தேவையும் முடிந்தது என்று நினைத்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. ரோடும் மெஷினும் இங்கேயேதான் இருக்கின்றன.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதில் எங்களுக்கு நடப்பதையும் கேளுங்கள். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவை ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அது எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது, என்னையும் சேர்த்து. ஆனால் பிரேஸ் தேவைப்படுவது மாதங்கள் கழித்து. மத்திய அரசின் உபகரண உதவித் திட்டத்துக்குப் போனால் 40 சதவீத மாற்றுத்திறன் சான்று கேட்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். அவருக்கு உதவி கிடைக்க வேண்டும், கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அவருக்குச் செயற்கைக்கால் முகாம் நடத்த ரோட்டரிக்காரர்களும் லயன்ஸ்காரர்களும் இருக்கிறார்கள். எங்களில் பலர் கால் இருக்கிறது என்பதாலேயே அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறோம். ஆறிக்கொண்டிருக்கிற காலுக்கு நிரந்தரச் சான்று இப்போது தர முடியாது, பிறகு வாருங்கள் என்கிறார்கள். அந்தப் "பிறகு" வருவதற்குள் குதிநாண் இறுகிவிடுகிறது. ஈ.எஸ்.ஐ. இருக்கிறவருக்கு ஒரு வழி உண்டு. மரம் ஏறுகிறவருக்கும் கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கும் எங்கே இருக்கிறது ஈ.எஸ்.ஐ.?

பட்டறைப் பெஞ்சில் அந்தத் தென்னைமர அண்ணன் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, இதை வெச்சுட்டுப் படற பாட்டுக்கு எடுத்தே இருக்கலாமுங்களா?" அப்படி ஒருவர் கேட்கும் நிலைமையை உண்டாக்கவா நீங்கள் அத்தனை மணி நேரம் தியேட்டரில் நின்றீர்கள்? எனக்குத் தெரியும், இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பிரேஸ் கடைச் சாமான் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பிளேட், ஸ்க்ரூ போல அதுவும் சிகிச்சையின் பாகம். ஆபரேஷனுக்கு மதிப்பீடு போடும்போதே பிரேஸ், ஷூவின் அடிவேலை, முதல் வருடத் திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடுங்கள். காப்பீட்டு நிறுவனங்களோடு நீங்கள் பேசும் மேஜையில் எங்களுக்கு இடமில்லை. அதனால் அதை எங்களுக்காக நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஒரு ஆர்த்தோட்டிஸ்ட்டையாவது, அதாவது பிரேஸ் நிபுணரையாவது, வேலைக்கு வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2017ல் வகுத்த தரத்தின்படி 10 லட்சம் பேருக்கு பிரேஸும் செயற்கை உறுப்பும் செய்யும் நிபுணர்கள் 5 முதல் 10 பேர் வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் மக்கள்தொகை 2011 கணக்கிலேயே 80 லட்சத்துக்கு மேல். குறைந்தபட்சமாகப் பார்த்தாலும் 40 பேர். ஒரு சின்ன மருத்துவமனைக்குத் தனியாகப் பட்டறை கட்டுப்படியாகாது என்றால், நாலைந்து மருத்துவமனைகள் சேர்ந்து ஒன்றை நடத்துங்கள். பம்ப்செட்டும் கிரைண்டரும் வார்ப்படமும் செய்கிற ஊர் இது. மருத்துவத் துணிகளுக்கென்றே கோவை ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் தனி மையம் இருக்கிறது. தகடு வார்க்கவும் பட்டை நெய்யவும் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்களையும் கூட்டிவந்து உட்காரவைத்துப் பேசுங்கள்.

வார்டில் இருக்கும்போதே ஆர்த்தோட்டிஸ்ட் எங்களை வந்து பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஏ.எஃப்.ஓ." என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த எலும்புக்குப் பாரம் போகக்கூடாது, எந்தத் தோல் மெலிசு, உணர்ச்சி எங்கே இல்லை, கணுக்கால் எந்த அளவில் நிற்க வேண்டும், எத்தனை நாளில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தினமும் பிரேஸைக் கழற்றிக் காலைப் பார்த்துச் சிவப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நோயாளிக்கும் வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் தமிழில் சொல்லிக் கொடுங்கள். என் மகளுக்கு அதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் புண் வந்திருக்காது.

வாரத்தில் ஒரு அரைநாள், அறுவை மருத்துவர், பிசியோ, ஆர்த்தோட்டிஸ்ட் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து எங்கள் நடையைப் பாருங்கள். இப்போது ஒருவர் சொல்வது இன்னொருவருக்குத் தெரியாமல், நடுவில் நாங்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். சான்று வாங்கும் இடத்துக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் நீங்கள் எழுதித் தரும் கடிதத்தில், பிரேஸ் ஏன் இப்போதே தேவை, தாமதமானால் என்ன ஆகும் என்ற மருத்துவக் காரணம் இருக்கட்டும். அந்த ஒரு பத்தி எங்கள் வாயிலிருந்து வந்தால் யாரும் கேட்பதில்லை.

காலை வைப்பதா, எடுப்பதா என்று குடும்பத்திடம் கேட்கும் அந்த நேரத்தில், வைத்தால் ஆயுளுக்கும் பிரேஸ் வேண்டியிருக்கலாம், அதற்கு இந்த ஏற்பாடு எங்களிடம் இருக்கிறது என்று அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏற்பாடு இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்றாவது சொல்லுங்கள்.

கடைசியாக, பட்டறையை மூடிய நிர்வாகத்துக்கு. அந்த இரண்டு அறைகளையும் திரும்பத் திறங்கள். நிறுத்தப்பட்டவரைத் திரும்ப அழையுங்கள், அவர் வராவிட்டால் பதிவு பெற்ற வேறொருவரை வையுங்கள். அதுவரைக்கும், அங்கே பிரேஸ் வாங்கிய எங்கள் எல்லோருக்கும் அது உடைந்தால் எங்கே போக வேண்டும் என்று பெயரும் முகவரியும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். அங்கே வைத்திருந்த எங்கள் கால் அச்சுகளையும் அளவுக் குறிப்புகளையும் தூக்கி எறிந்துவிடாமல் எங்களிடம் கொடுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு செக்கிங் தொழிலாளி